ரேக்ளா மினிகேமில் எல்லாருக்கும் ஒரே ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்து ரேக்ளா எனும் மாட்டுவண்டிப் பந்தயத்தை மனசில் வைத்து நாங்கள் செய்த மினிகேம் இது. ஊர் நோம்பியை (திருவிழாவை) பின்னணியாகக் கொண்ட பெரிய ஆட்டத்துக்குள் உறியடி, வழுக்கு மரம், ரேக்ளா எனச் சிறு போட்டிகள் இருக்கின்றன. ரேக்ளாவில் ஒரு சுற்றுக்கு ஆறு பேர். தூரம் 300 மீட்டர், நன்றாக ஓட்டினால் 25 விநாடி. சலங்கைச் சத்தத்தின் தாளத்துக்குத் தட்டினால் மாடு வேகம் பிடிக்கும், தாளம் தப்பினால் மூச்சு வாங்கும். அவ்வளவுதான் ஆட்டம். இந்தப் பருவத்தில் விதிகள் நிறைய மாறியிருக்கின்றன. அதைப் பற்றி ஆடுகிறவர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும் கீழே.

எதுக்குங்க இத்தனை மாற்றம்? நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு?

வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரே வகை: "கை சரியாத்தான் இருந்துச்சு, ஆனா தோத்துட்டேன்." கை சரியில்லாமல் தோற்றால் யாருக்கும் வருத்தம் நிற்பதில்லை, அடுத்த சுற்றில் சரிசெய்து கொள்வார்கள். சிக்னலாலும் போனின் விலையாலும் தோற்றால் ஆட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஃபைபர் இணைப்பில் ஆடுகிறவருக்கும் வால்பாறை எஸ்டேட்டில் இரண்டு கோடு சிக்னலில் ஆடுகிறவருக்கும் கைத்திறன் ஒன்றாக இருந்தால், வெற்றி வாய்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். நியாயம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அது நடக்கிறதா என்பதை நீங்களே சரிபார்க்கவும் முடிய வேண்டும்.

நான்தான் கோட்டை முதல்ல தாண்டினேன். ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரிஞ்சது. முடிவுல ரெண்டாவதுன்னு வந்துச்சே, எப்படிங்க?

பழைய முறையில் இது நடக்கும். உங்கள் கண்ணில் தப்பில்லை.

உங்கள் போன் உங்கள் வண்டியை இந்த நொடியில் இருக்கும் இடத்தில் காட்டும். மற்ற ஐந்து வண்டிகளையும் சற்று முன்பு இருந்த இடத்தில்தான் காட்ட முடியும், ஏனென்றால் அவர்கள் தட்டிய தகவல் சர்வருக்குப் போய் அங்கிருந்து உங்களிடம் வர நேரம் ஆகிறது. ஆறு பேர் போனிலும் இதே கதைதான். ஆகவே ஒரே சுற்றில் மூன்று பேருக்குத் தாங்கள் முதலில் வந்ததாகத் தெரியலாம். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை.

தாமதத்துக்கு ஓர் அடிமட்ட எல்லை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எங்கள் சர்வர் மும்பையில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 1,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லிவிநாடிக்குக் குறைவாக எந்தக் கம்பெனி இணைப்பாலும் முடியாது. கேபிள் வளைந்து போவது, நடுவில் உள்ள கருவிகள், டவர் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் ஒருவருக்கு 40 என்றும் இன்னொருவருக்கு 180 என்றும் ஆகிவிடும்.

இந்த இருவரும் ஒரே கணத்தில் கோட்டைத் தாண்டினார்கள் என்று வையுங்கள். தகவல் சர்வருக்குப் போகும் ஒருவழி நேரம் முதலாமவருக்கு 20, இரண்டாமவருக்கு 90. யார் தகவல் முதலில் வந்ததோ அவரே வென்றவர் என்று சர்வர் தீர்த்தால், இரண்டாமவர் 70 மில்லிவிநாடி பின்னால் போகிறார். நம் மாடு விநாடிக்கு 12 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் 84 சென்டிமீட்டர். நல்ல ஓட்டக்காரர்கள் இருவருக்கு நடுவில் அதைவிடக் குறைவான இடைவெளிதான் இருக்கும்.

அதுக்கு என்ன செஞ்சீங்க?

எங்களுக்கு வழி கிடைத்தது நம்ம ஊர் ரேக்ளாவிலிருந்தே. மதுரை, சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டிகளைச் சேர்த்து ஓடவிட்டு யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். கொங்கில் வழக்கம் வேறு. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தைக் குறித்து, ஒவ்வொரு வண்டியும் எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, குறைந்த நேரத்துக்குப் பரிசு கொடுப்பார்கள். பக்கத்து வண்டி முட்டியது, வழிவிடவில்லை என்ற தகராறுக்கு அங்கே இடமில்லை.

இனி மினிகேமும் அப்படித்தான். உங்கள் ஓட்டம் உங்கள் போனிலேயே ஓடும், உங்கள் கடிகாரத்தில். போன் சர்வருக்கு அனுப்புவது "நான் இத்தனை விநாடியில் முடித்தேன்" என்ற முடிவை அல்ல. எந்தக் கணத்தில் எங்கே தட்டினீர்கள் என்ற பட்டியலை மட்டும் அனுப்பும். சர்வர் அந்தத் தட்டல்களை வைத்து அதே ஓட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்து, நேரத்தைத் தானே கணக்கிடும். பட்டியல் வந்து சேர 20 மில்லிவிநாடி ஆனாலும் 2 விநாடி ஆனாலும் உங்கள் நேரம் மாறாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே தட்டல்களைக் கொடுத்தால் எந்தக் கருவியிலும் ஒரே விடை வர வேண்டும். தசமப் புள்ளிக் கணக்குகள் ஒரு சிப்புக்கும் இன்னொரு சிப்புக்கும் கடைசி இலக்கங்களில் வேறுபடலாம். சின்ன வேறுபாடுதான், ஆனால் 25 விநாடி ஓட்டத்தில் அது சேர்ந்து சேர்ந்து வளரும். அதனால் மாட்டின் வேகம், மூச்சு, தூரம் எல்லாவற்றையும் முழு எண்களாக மாற்றி எழுதினோம். ஒரு விநாடியை 60 துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறோம். இந்த மாற்றங்களிலேயே அதிக உழைப்பு கேட்டது இதுதான். மினிகேம் செய்யும் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், முழு எண்ணில் முதலிலேயே தொடங்கிவிடுங்கள். பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

அப்போ மத்தவங்க வண்டி ஸ்கிரீன்ல தெரியாதா?

தெரியும், நிழல் வண்டியாக. சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். நிழலைப் பார்த்து முடிவைத் தீர்மானிக்க வேண்டாம், இறுதிப் பட்டியலைப் பாருங்கள். கடைசி 50 மீட்டரில் நிழல் வண்டிகளை மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தோம். பக்கத்தில் ஒருவர் ஓடுகிறார் என்ற உணர்வு போய்விட்டால் பந்தயத்தில் உயிர் இருக்காது என்று விட்டுவிட்டோம்.

ரெண்டு பேர் நேரமும் ஒண்ணா இருந்தா?

இருவருக்கும் அதே இடம், அதே புள்ளி. யார் பட்டியல் முதலில் வந்தது என்று பார்த்து இழுபறியைத் தீர்க்க மாட்டோம். பார்த்தால் சிக்னல் மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

கோயமுத்தூர்லயே ஒரு சர்வர் வெச்சா இதெல்லாம் தேவையே இல்லியே?

பலரும் கேட்டது. வீட்டு ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு ஓரளவு உதவும். ஆனால் மொபைல் டேட்டா உங்கள் ஊர் டவரிலிருந்து நேராகப் பக்கத்து ஊருக்குப் போவதில்லை. உங்கள் நெட்வொர்க் எந்த நகரத்தில் இணையத்தோடு சேர்கிறதோ அங்கே போய்த்தான் திரும்பி வரும். அவிநாசியிலிருந்து கோவைக்குப் போகும் தகவல் சென்னையையோ பெங்களூரையோ சுற்றிக்கொண்டு வரலாம். சர்வரைப் பக்கத்தில் வைத்தால் ஏற்கெனவே நல்ல இணைப்பு உள்ளவருக்கு இன்னும் நல்லதாகும், மலை மேல் இருப்பவருக்கு அவ்வளவு மாறாது. இடைவெளி கூடத்தான் செய்யும். தாமதம் முடிவைத் தொடாதபடி செய்வதே சரியான வழி என்று நம்புகிறோம்.

கொடி இறங்கும்போது சீக்கிரம் தட்டறவங்களுக்கு லாபம் இருக்குமே?

இருக்கும், அது கைத்திறன்தான். கொடி உங்கள் போனில் இறங்கிய கணத்திலிருந்து உங்கள் கடிகாரம் தொடங்கும். கொடி இறங்கும் முன் காத்திருக்கும் நேரம் சுற்றுக்குச் சுற்று மாறும், அந்தச் சுற்றில் உள்ள ஆறு பேருக்கும் ஒன்றாக இருக்கும். 100 மில்லிவிநாடிக்குள் தட்டினால் தவறான தொடக்கம். உலகத் தடகளப் போட்டிகளில் ஓட்டக்காரர்களுக்கு வைத்திருக்கும் எல்லையும் அதே 0.100 விநாடிதான். கண்ணால் பார்த்து விரலால் தட்ட மனிதருக்கு 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆவதே சாதாரணம். 100-க்குள் வந்தால் அது ஊகித்துத் தட்டியது, இல்லாவிட்டால் மெஷின் தட்டியது.

என்னுது எட்டாயிரம் ரூபா போன். 120 ஹெர்ட்ஸ் போன் வெச்சிருக்கறவன்கூட எப்படிங்க போட்டி போடறது?

ஸ்கிரீன் விநாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பதே ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி நிற்கும், 90-இல் 11.1, 120-இல் 8.3. பழைய முறையில் தட்டல் அடுத்த படம் வரும்வரை காத்திருந்துதான் கணக்கில் சேரும். ஆகவே வேகமான ஸ்கிரீனுக்கு உண்மையாகவே சாதகம் இருந்தது. இப்போது தட்டலுக்கு ஆண்ட்ராய்டே பதிந்து தரும் தொட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். படம் எப்போது வருகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, "நல்ல தட்டு" என்று ஏற்கும் இடைவெளியை அகலமாக்கியிருக்கிறோம். தாளத்துக்கு 50 மில்லிவிநாடி முன்பின் இருந்தாலும் முழு மதிப்பு உண்டு. இதனால் ஆட்டம் சுலபமாகிவிட்டது என்று முன்னணி ஆட்டக்காரர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் சொல்வது புரிகிறது. ஆனால் 10 மில்லிவிநாடியில் வெற்றியைத் தீர்த்தால் விரலைவிட்டுவிட்டுத் தொடுதிரையைத்தான் சோதிக்கிறோம். கடினத்தை வேறு இடத்தில் கூட்டினோம்: மூச்சை எங்கே சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்பது இப்போது முன்பைவிடக் கணக்காகப் பார்க்க வேண்டியது. அதற்கு விலை உயர்ந்த போன் உதவாது.

எட்டாயிரம் ரூபாய் போன் சூடாகித் திக்கினால்? படம் விட்டுப் போகும், கணக்கு விட்டுப் போகாது. இருந்தாலும் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அமைப்புகளில் தூசி, கூட்டம், தோரணம் மூன்றையும் அணைத்துவிடுங்கள், கணிசமாக லேசாகிவிடும்.

புளூடூத் இயர்போன் போட்டா தாளமே தப்புதுங்க.

சாதாரண புளூடூத் இயர்போனில் சத்தம் 100 முதல் 300 மில்லிவிநாடி வரை பின்தங்கும். சலங்கை உங்கள் காதுக்கு வரும்போது தாளம் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். அமைப்புகளில் "ஒலி சரிபார்ப்பு" இருக்கிறது: சத்தத்துக்கேற்ப எட்டு முறை தட்டினால் உங்கள் இயர்போனின் தாமதத்தை அளந்து சலங்கையை அந்த அளவு முன்கூட்டியே ஒலிக்கவிடும். கம்பி இயர்போனோ ஸ்பீக்கரோ இருந்தால் இது தேவையில்லை.

காது கேளாதவர்களும் ஆடுகிறார்கள். அவர்களுக்காகத் தாளம் குளம்படியின் அசைவாகவும் போனின் அதிர்வாகவும் வரும். மூச்சு அளவுகோல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுவது சிலர் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது என்பதால் கோடுகளாலும் காட்டுகிறோம். இதையெல்லாம் கூடுதல் வசதி என்று நாங்கள் எண்ணவில்லை. தாளமே தெரியாதவரைத் தாளப் போட்டியில் உட்காரவைத்துவிட்டு விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லக் கூடாது.

காரி மாடு வேகமா ஓடுதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இல்லை. மயிலை, செவலை, காரி, பிள்ளை எல்லாம் ஆட்டத்தில் நிறம் மட்டுமே.

மாட்டு ஜோடி குலுக்கல்ல எனக்கு எப்பவும் சோப்ளாங்கிதான் வருது. அதுல நியாயம் இருக்கா?

தரவரிசை ஆட்டத்தில் குலுக்கலையே எடுத்துவிட்டோம். ஒரு சுற்றில் ஆறு பேருக்கும் ஒரே குணமுள்ள ஜோடி, ஒரே தடம், ஒரே இடத்தில் குழி, ஒரே இடத்தில் மணல். அடுத்த சுற்றில் எல்லாம் மாறும், எல்லாருக்கும் சேர்ந்து மாறும். அதிர்ஷ்டத்தை முழுக்க ஒழித்தால் ஆட்டம் மனப்பாடம் ஆகிவிடும். அதிர்ஷ்டம் சுற்றுக்குச் சுற்று மாறட்டும், ஆளுக்கு ஆள் மாற வேண்டாம்.

நண்பர்கள் அறையில் குலுக்கல் இன்னும் இருக்கிறது. அது சரியாகக் கலைகிறதா என்று கேட்ட தம்பிக்கு ஒரு தகவல். கலைப்பதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இடத்தையும் "ஏதோ ஓர்" இடத்தோடு மாற்றிக்கொண்டே போனால் நன்றாகக் கலைந்த மாதிரி தோன்றும். மூன்று மாட்டை வைத்துப் பாருங்கள். அப்படி மாற்ற 27 வழிகள், வரக்கூடிய வரிசைகள் 6. 27-ஐ 6-ஆல் மிச்சமின்றி வகுக்க முடியாது. ஆக, சில வரிசைகள் 27-க்கு 5 முறையும் சில 4 முறையும் வரும். ஆறு மாட்டுக்கும் இதே சிக்கல்: 46,656 வழிகள், 720 வரிசைகள், வகுபடாது. சரியான முறைக்கு அடிப்படை 1938-லேயே ஃபிஷர், யேட்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் கொடுத்தது. கணினியில் அதைச் செய்யும் விதம்: கடைசி இடத்திலிருந்து தொடங்கி, இன்னும் முடிவாகாத இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்து மாற்றிக்கொண்டே வர வேண்டும். எங்கள் குலுக்கல் அந்த முறைதான்.

பத்து ஆட்டம் ஆடியும் ஒண்ணுலகூட முதலிடம் வரலை. ஏதோ செட்டிங் பண்ணிட்டீங்கன்னு தோணுது.

வருத்தம் புரிகிறது. கணக்கைப் பாருங்கள். ஆறு பேரும் சரிசமத் திறன் என்றால் ஒரு சுற்றில் நீங்கள் முதலிடம் வராமல் போக வாய்ப்பு 5/6. பத்துச் சுற்றிலும் வராமல் போக வாய்ப்பு சுமார் 16 சதவீதம். அதாவது, சமத்திறன் உள்ள ஆறு பேர் பத்துப் பத்து ஆட்டம் ஆடினால், அவர்களில் ஒருவர் வெறுங்கையோடு போவது இயல்பு. இருபது ஆட்டத்திலும் வராமல் போவது 2.6 சதவீதம்தான். அங்கே வந்துவிட்டால் எங்களுக்கு எழுதுங்கள், உங்கள் ரேட்டிங் (திறனுக்கு நாங்கள் கொடுக்கும் புள்ளி) சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

தடத்தை ஆள் பார்த்து மாற்றுகிறோமா என்ற சந்தேகத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு சுற்றின் தடமும் ஒரு விதை எண்ணிலிருந்து பிறக்கிறது. அறையில் யார் யார் என்று தெரியும் முன்பே, அந்த எண்ணின் ஷா-256 முத்திரையை (எண்ணிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு நீண்ட குறியீட்டை) வெளியிடுகிறோம். முத்திரையிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டம் முடிந்ததும் எண்ணைக் காட்டுகிறோம். அதை நீங்களே முத்திரையாக்கிப் பார்த்து, முன்பு வெளியிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கலாம். நடுவில் நாங்கள் மாற்றியிருந்தால் ஒத்துப்போகாது.

எனக்குச் சமமான ஆளுங்களோடதான் சேர்த்து விடறீங்களா?

முடிந்தவரை. சதுரங்கத்தில் பயன்படும் எலோ ரேட்டிங்தான் இதற்கெல்லாம் தாத்தா. ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்தது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கில் 100 புள்ளி கூடுதலாக உள்ளவர் எதிர்பார்க்கக்கூடிய பங்கு 64 சதவீதம், 200 என்றால் 76, 400 என்றால் 91. 400 புள்ளி வித்தியாசத்தில் இருவரை உட்காரவைத்தால் கீழே இருப்பவருக்கு அது ஆட்டமே இல்லை.

எலோவில் ஒரு குறை: புதிதாக வந்தவரின் எண்ணையும் ஆயிரம் ஆட்டம் ஆடியவரின் எண்ணையும் ஒரே உறுதியோடு நம்பும். மார்க் கிளிக்மேன் 1995-இல் கொண்டுவந்த கிளிக்கோ முறை ரேட்டிங்கோடு "இதை எவ்வளவு நம்பலாம்" என்ற இரண்டாவது எண்ணையும் வைத்திருக்கும். நாங்கள் அதைத் தழுவியிருக்கிறோம், ஆறு பேர் சுற்றை இருவர் இருவராகப் பிரித்துக் கணக்கிடுகிறோம். புதியவரின் எண் வேகமாக ஏறி இறங்கும், பழையவரின் எண் மெல்ல அசையும். புது ஐடி திறந்து கற்றுக்குட்டிகளை மிரட்ட வரும் கில்லாடிகளுக்கும் இதுதான் மருந்து: அவர்கள் சீக்கிரமே மேலே தூக்கப்பட்டுத் தங்கள் தரத்து ஆட்களிடம் போய்விடுவார்கள்.

ராத்திரி ஷிப்ட் முடிச்சு மூணு மணிக்கு ஆடறோம். அப்போ மட்டும் பெரிய பெரிய ஆளுங்களா வர்றாங்க.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கத்திலிருந்து இதே கேள்வி நிறைய. அந்த நேரத்தில் ஆட்கள் குறைவு. நீங்கள் காத்திருக்கக் காத்திருக்க, தேடும் ரேட்டிங் எல்லை விரிந்துகொண்டே போகும். இனி 200 புள்ளியோடு நின்றுவிடும். ஆள் கிடைக்காவிட்டால் மூன்று பேர், நான்கு பேர் சுற்றாக நடக்கும். கணினி ஓட்டும் வண்டியைச் சேர்க்கவா என்று கேட்போம், சேர்த்தால் அதன் மேல் "கணினி" என்று எழுதியிருக்கும், அந்தச் சுற்று ரேட்டிங்கைத் தொடாது. மனிதப் பெயர் வைத்த கணினி வண்டியை விட்டு உங்களை ஜெயிக்கவைத்து மகிழ்விக்கும் வேலையை ஒருநாளும் செய்ய மாட்டோம். ஷிப்ட் முடித்துக் களைத்து வந்து ஆடுகிறவருக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரிய உரிமை இருக்கிறது.

பின்னாடி இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் வேகம் கூட்டிக் குடுக்கலாமே? கார் கேம்ல அப்படித்தானே செய்யறாங்க?

செய்கிறார்கள். பல கார் பந்தய ஆட்டங்களில் பின்தங்கியவருக்குத் தெரியாமலே வேகம் கூடும். நாங்கள் அதற்கு முழுக்க எதிர். முன்னால் ஓடியவரின் உழைப்பும் போகிறது, பின்னாலிருந்து வென்றவரின் வெற்றியும் அவருடையதாக இருப்பதில்லை. நண்பர்கள் அறையில் முன்தூரம் கொடுக்கலாம்: அண்ணன் தங்கைக்கு 20 மீட்டர் விட்டுக்கொடுத்தால் அது எல்லார் ஸ்கிரீனிலும் தெரியும், இருவரும் சம்மதித்தது.

எங்க அம்மாயி ஆசையா ஆடறாங்க. ஆனா விரல் அவ்வளவு வேகமா வராது.

அம்மாயிக்கு 200 மீட்டர் பிரிவு. தாளம் மெதுவாக வரும், ஏற்கும் இடைவெளி இன்னும் அகலம், தனித் தரவரிசை. வயதைக் கேட்க மாட்டோம். அதைக் கீழ்ப் பிரிவு என்று எங்கேயும் எழுதவும் மாட்டோம். பரிசு இரண்டு பிரிவுக்கும் ஒன்றே.

நடுவுல சிக்னல் போயிட்டா?

ஓரிரு விநாடி போனால் ஒன்றும் ஆகாது, தட்டல் பட்டியல் பிறகு போய்ச் சேரும். 5 விநாடிக்கு மேல் போனால் அந்த ஓட்டம் கணக்கில் வராது: ரேட்டிங் இறங்காது, வெற்றியும் இல்லை. ஒரு நாளில் முதல் முறைக்கு இப்படி. இரண்டாம் முறையிலிருந்து கடைசி இடம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் பேருந்தில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு இது கடுமையாகப் படும், தெரியும். ஏன் இந்த விதி என்று சொல்லிவிடுகிறோம். போனின் கடிகாரத்தை மெதுவாக்கும் கருவிகள் உண்டு. அதைப் போட்டால் ஓட்டம் பாதி வேகத்தில் நடக்கும், தாளத்தைப் பிசகாமல் தட்டலாம், பட்டியலைப் பார்த்தால் பிரமாதமான ஓட்டமாகத் தெரியும். அதைப் பிடிக்க, ஓட்டம் நடக்கும்போதே விநாடிக்கு ஒருமுறை போன் "இப்போது இத்தனையாவது துண்டில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். வெளியுலகில் 10 விநாடி போயிருக்க, போன் 5 விநாடிக் கணக்கில் இருந்தால் தெரிந்துவிடும். சிக்னல் இல்லாத நேரத்தில் இந்தச் சோதனை நடக்காது. எல்லையில்லாமல் விட்டால் எல்லா ஏமாற்றும் டேட்டாவை அணைத்துவிட்டே நடக்கும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் டேட்டாவை அணைப்பவர்களுக்கும் இதுவே பதில்.

ஆட்டோ டேப் ஆப் போடறவங்களை எப்படிப் பிடிப்பீங்க?

மனிதர் தட்டும்போது இடைவெளி எப்போதும் கொஞ்சம் அலையும், களைக்கக் களைக்கக் கூடுதலாக அலையும், பிசகிய தட்டுக்குப் பிறகு சரிசெய்யும் முயற்சி தெரியும். மெஷினுக்கு அது இருக்காது. செயற்கையாக அலைச்சலைச் சேர்க்கும் ஆப்களும் வந்துவிட்டதால் ஒரே அடையாளத்தை நம்பி முடிவெடுப்பதில்லை. பல ஓட்டங்களைச் சேர்த்துப் பார்ப்போம், சந்தேகம் வந்தால் எங்களில் இருவர் தனித்தனியாக மறுஓட்டத்தைப் பார்ப்பார்கள், இருவரும் ஒத்துக்கொண்டால்தான் தடை. தடைக்கு முன் காரணத்தைச் சொல்லி உங்கள் பதிலைக் கேட்போம். ஓர் ஏமாற்றுக்காரர் இன்னும் ஒரு வாரம் ஆடிவிட்டுப் போனாலும் போகட்டும், நேர்மையாக ஆடியவரை வெளியேற்றக் கூடாது.

முதல் பத்து இடங்களின் ஓட்டங்களை யார் வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். தட்டல் பட்டியல் ஒரு கிலோபைட்கூட வராது என்பதால் உங்கள் டேட்டா தீர்ந்துவிடும் என்ற கவலை வேண்டாம்.

ஹாஸ்டல்ல நாப்பது பேரு ஒரே வைஃபை. எல்லாரையும் ஒரே ஆளுன்னு நெனச்சுத் தூக்கிடுவீங்களா?

மாட்டோம். மொபைல் நெட்வொர்க்கிலேயே முன்பின் தெரியாத ஏராளமான பேர் ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்கிறார்கள். முகவரியை வைத்துத் தடை போட்டால் ஒருவரைப் பிடிக்க ஊரையே தண்டிப்பதாகிவிடும். ஒரே இணைப்பில் இருப்பவர்களைத் தரவரிசையில் ஒரே சுற்றில் மட்டும் சேர்க்க மாட்டோம், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ரேட்டிங் ஏற்றாமல் இருக்க.

காசு கட்டினா நல்ல மாடு கிடைக்குமா? பந்தயம் கட்டி ஆடலாமா?

இரண்டுக்கும் இல்லை. காசுக்குக் கிடைப்பது சலங்கை, கொம்புச் சாயம், வண்டியின் வண்ணம். வேகமோ மூச்சோ விற்பனைக்கு வராது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-லேயே சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, 2023-இல் அது சட்டமாயிற்று. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் பதில் இதுதான்.

இத்தனையும் செஞ்சு, உண்மையிலேயே சமமாச்சான்னு எப்படித் தெரியும்?

வெற்றிகளைப் பிரித்துப் பார்ப்போம்: பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) அதிகமானவர், குறைவானவர், 60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ், பகல், நடுராத்திரி. ரேட்டிங் ஒத்த ஆறு பேர் சுற்றுகளில் எந்தப் பிரிவைச் சேர்ந்தவரும் தான் ஆடியதில் ஆறில் ஒரு பங்கு வெல்ல வேண்டும். அதற்காகத் துல்லியமாக ஆறில் ஒன்று வந்தாக வேண்டும் என்றில்லை. 600 சுற்றில் எதிர்பார்ப்பது 100 வெற்றி, தற்செயலால் மட்டுமே அது பெரும்பாலும் 82 முதல் 118 வரை ஆடும். 90 வந்தால் பதற மாட்டோம். 70 வந்தால் அந்தப் பிரிவினருக்கு ஏதோ இடிக்கிறது என்று பொருள், தேடத் தொடங்குவோம். ஒவ்வொரு பருவ முடிவிலும் இந்த எண்களை நல்லது கெட்டது பார்க்காமல் ஆட்டத்துக்குள்ளேயே வெளியிடுவோம்.

முட்டல் மோதலோட ஓடின பழைய ரேக்ளா இனி கிடையாதா?

நண்பர்கள் அறையில் இருக்கிறது, ஆறு வண்டியும் ஒன்றாக ஓடும், இடிக்கலாம். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் ஆடுகிறோம். ரேட்டிங் மட்டும் கிடையாது.

என் பழைய ரேட்டிங் என்னங்க ஆகும்?

எண் அப்படியே இருக்கும். ஆனால் சிக்னலும் ஸ்கிரீனும் கலந்து வந்த எண் என்பதால் அதன் மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறைத்திருக்கிறோம். முதல் சில ஆட்டங்களில் வழக்கத்தைவிட வேகமாக ஏறும் அல்லது இறங்கும், அப்புறம் நிலைக்கு வந்துவிடும். சிக்னல் குறைந்த ஊர்களில் ஆடுகிறவர்களுக்கு ஏறவே வாய்ப்பு அதிகம்.